பூடு, உள்ளி, துவையல்

புதுக்கோட்டை மாவட்டத்து மீமிசல் கடைத்தெருவில் பூண்டு என்று கேட்டாலும் கொடுப்பார்கள், வெள்ளப்பூடு என்று கேட்டாலும் கொடுப்பார்கள். அந்த ஊர்க் கரையில் நின்று கிழக்கே பார்த்தால் பாக் விரிகுடா. அதற்கு அக்கரையில், யாழ்ப்பாணத்தில், இதே பொருளுக்கு உள்ளி என்று பெயர். இடையில் கிடப்பது ஆழம் குறைந்த கடல். நூற்றாண்டுகளாகத் தோணிகள் போய்வந்திருக்கின்றன, கருவாடும் புகையிலையும் கடந்திருக்கின்றன. ஆனால் இந்தச் சமையற் சொல் கரைக்குக் கரை வேறாக நிற்கிறது.

இரண்டில் உறவினர் அதிகம் உள்ள சொல் உள்ளிதான். தெலுங்கில் வெல்லுல்லி, கன்னடத்தில் பெள்ளுள்ளி, மலையாளத்தில் வெளுத்துள்ளி. மூன்றுக்கும் வெள்ளை உள்ளி என்பதே பொருள். தமிழ் அகராதிகளிலும் வெள்ளுள்ளி இருக்கிறது. ஆனால் உள்ளி என்ற தனிச்சொல் பூண்டையும் குறிக்கும், வெங்காயத்தையும் குறிக்கும். கன்னியாகுமரி மாவட்டத்தில் உள்ளி என்றால் சின்ன வெங்காயம், யாழ்ப்பாணத்தில் பூண்டு. ஓர் ஊர்ச் சமையல் குறிப்பை இன்னோர் ஊரில் படித்துச் சமைத்தால் குழம்பே மாறிப்போகும். இந்தக் குழப்பத்தைத் தீர்க்கத்தான் அண்டை மொழிகள் 'வெள்ளை'யை முன்னால் ஒட்டிக்கொண்டன. தமிழகத்தின் பெரும்பகுதி வேறு வழியில் போயிற்று. உள்ளியையே விட்டுவிட்டு, செடிகொடிக்கெல்லாம் பொதுவாக இருந்த ஒரு சொல்லை எடுத்து இதற்குச் சூட்டியது. அதுதான் பூண்டு.

பூண்டு என்றால் சிறு செடி. புல் பூண்டு முளைக்காத பொட்டல் என்று சொல்லும்போது நாம் குழம்பில் போடும் பூண்டை நினைப்பதில்லை. பூண்டோடு அழித்தான் என்பதிலும் அந்தப் பழைய பொருளே இருக்கிறது. வரப்பில் மஞ்சள் பூவோடு படர்ந்து கிடக்கும் வெட்டுக்காயப் பூண்டுக்குக் கிணற்றடிப் பூண்டு என்றும் ஒரு பெயர். இப்படிக் களையும் மூலிகையுமாகப் பல செடிகளின் கடைசியில் நின்ற பொதுச்சொல், வெள்ளை என்ற அடைமொழியோடு ஒரே ஒரு செடிக்கு உரியதாகி, பிறகு அந்த அடைமொழியும் இல்லாமல் அதையே குறிக்கத் தொடங்கியது. இன்று சமையலறையில் பூண்டு என்றால் வேறு எந்தச் செடியும் மனத்தில் எழுவதில்லை.

மீமிசல் பக்கத்துப் பேச்சில் வரும் பூடு என்ற வடிவத்தைப் பலர் கொச்சை என்று நினைத்துத் திருத்திப் பேசுகிறார்கள். திருத்த வேண்டியதே இல்லை. கூடு என்ற சொல்லுக்குப் பக்கத்தில் கூண்டு இருப்பது போலப் பூடு என்ற சொல்லுக்குப் பக்கத்தில் பூண்டு இருக்கிறது. நடுவில் மெல்லினம் சேர்ந்த வடிவம் ஒன்று, சேராத வடிவம் ஒன்று. அகராதிகள் இரண்டையும் ஏற்கின்றன. வெள்ளப்பூடு என்று சொல்லும் எந்த ஆச்சியும் பிழையாகப் பேசவில்லை.

மருந்து என்ற முறையில் இச்செடியின் புகழ் மிகப் பழையது. 1890இல் நடு ஆசியாவின் குச்சா அருகே ஹாமில்டன் பவர் என்ற ஆங்கிலேயப் படை அதிகாரி வாங்கிய பழஞ்சுவடியின் முதற்பகுதியே பூண்டின் பெருமையைப் பாடும் வடமொழி மருத்துவ நூல். அங்கே அதன் பெயர் லசுனம். அச்சொல்லும் இலசுனமாகித் தமிழ் மருத்துவ அகராதிகளுக்குள் வந்தது. ஆனால் அடுப்படிக்குள் அது வரவேயில்லை. ஆங்கிலப் பெயரான கார்லிக், ஈட்டி லீக் என்று பொருள்படும் பழைய ஆங்கிலக் கூட்டுச்சொல்லின் வழிவந்தது. அவர்கள் வடிவத்தைப் பார்த்துப் பெயரிட்டார்கள். நம்மவர் கண்ணில் பட்டது நிறம்.

பெயரைப் பார்த்தோம். இனி, பூண்டின் தண்டுக்கு வருவோம். குளிர் நாடுகளில் வளரும் கெட்டித்தண்டுப் பூண்டு வகைகள், பல வாரக் குளிரைத் தாங்கிய பிறகு நடுவிலிருந்து ஒரு பூந்தண்டை விடும். அது வளைந்து சுருளும். அதை ஒடித்துவிட்டால் செடியின் ஊட்டம் மண்ணுக்குள் இருக்கும் பூண்டுக்குப் போய் அது பெருக்கும் என்பதால் உழவர்கள் ஒடிப்பார்கள். ஒடித்த தண்டு பச்சையாக, மொறுமொறுப்பாக, பூண்டின் காரம் குறைந்து இருக்கும். சீனர்கள் இதைச் சுவான்தாய் என்று சொல்லி இறைச்சியோடு வதக்கி உண்கிறார்கள். கனடாவின் ஒன்டாரியோவில் ஜூன் மாதம் உழவர் சந்தைகளுக்குக் கட்டுக்கட்டாக வரும். டொரொன்டோவிலும் ஸ்கார்பரோவிலும் வாழும் ஈழத்தமிழர் கைக்கு அது அப்படித்தான் கிடைக்கிறது. உள்ளி என்ற சொல்லோடு போனவர்களுக்கு அது உள்ளித்தண்டு. மீமிசல் வெயிலில் இது முளைக்காது. இந்தியாவில் பூண்டு அதிகம் விளைவது மத்தியப் பிரதேசத்தில். நம் மாநிலத்தில் கொடைக்கானல் மேல்மலையிலும் விளைகிறது. அந்த மலைப்பூண்டு 2019இல் புவிசார் குறியீடு பெற்றது. கடற்கரைக்கு வந்து சேர்வது காய்ந்த பூண்டு மட்டுமே. தண்டைப் பார்க்காத ஊரில் தண்டுக்குப் பெயர் இல்லாமல் இருப்பதில் வியப்பில்லை.

ஆங்கிலத்தில் இதை ஸ்கேப் என்கிறார்கள். அப்படியே எழுத்துப்பெயர்த்து மெனு அட்டைகளில் போடுவதைப் பார்க்கும்போது வருத்தமாக இருக்கிறது. ஸ்கேப் என்பதன் மூலம் ஸ்காபுஸ் என்ற லத்தீன் சொல். அதன் பொருள் தண்டு, அவ்வளவுதான். தமிழில் இதற்குப் புதுச்சொல் கட்டவே வேண்டாம். தேவநேயப் பாவாணர் செடியின் அடிப்பகுதிக்குத் தமிழில் எத்தனை பெயர் என்று அடுக்கிக் காட்டியதைப் பத்தாம் வகுப்பு மாணவர்கள் பாடநூலில் படிக்கிறார்கள்: நெல்லுக்குத் தாள், கீரைக்குத் தண்டு, சோளத்துக்குத் தட்டை, கரும்புக்குக் கழி, மூங்கிலுக்குக் கழை. இத்தனை நுணுக்கம் உள்ள மொழியில் வெங்காயத்தின் பச்சை இலைக்குத் தாள் என்ற பெயர் ஏற்கெனவே நிலைத்துவிட்டது. அதே வழியில் பூண்டின் இலை பூண்டுத்தாள், நடுவில் எழும் பூந்தண்டு பூண்டுத்தண்டு. இரண்டையும் கலக்காமல் வழங்கினால் போதும்.

அந்தத் தண்டை அரைத்துக் குழைவாகச் செய்யும் தொடுகறியை மேலைநாட்டார் டிப் என்கிறார்கள். எனக்கு அது துவையல்தான்.

துவை என்றால் இடி, மிதி, அடி. துணி துவைப்பதும் இதே சொல். கல்லில் அடித்து வெளுப்பதும் உரலில் இடித்துக் குழைப்பதும் கைக்கு ஒரே வேலையாகத் தோன்றியிருக்கிறது. தொல்காப்பியத்தின் உரியியல், துவைத்தலை ஓசையைக் குறிக்கும் சொற்களோடு சேர்த்துச் சொல்கிறது. அடியும் அடியால் எழும் ஒலியும் ஒரே சொல்லுக்குள் அடங்குவது தமிழில் இயல்பு; கொட்டு என்ற சொல்லைப் பாருங்கள். உணவுப் பெயராகவும் துவை பழையது. பதிற்றுப்பத்தில் ஊனும் துவையும் சேர்ந்த சோறு பேசப்படுகிறது. அன்று சேரன் படைவீரர் உண்ட துவை இன்று ரசச் சோற்றுக்குப் பக்கத்தில் உருண்டையாக உட்கார்ந்திருக்கிறது.

இச்சொல்லுக்குத் துகையல் என்று இன்னொரு வடிவம் உண்டு. தஞ்சைப் பக்கத்துப் பல வீடுகளில் அதைத் தொகையல் என்பார்கள். மீமிசல் அடங்கிய அறந்தாங்கிப் பகுதியே 1974இல் புதுக்கோட்டை மாவட்டம் பிறக்கும்வரை தஞ்சை மாவட்டத்தில் இருந்ததுதான். துகை என்பதற்கும் மிதி, இடி என்றே பொருள். ககரமும் வகரமும் இப்படி இடம் மாறுவது நம் வாயில் தினமும் நடக்கிறது: பாகற்காய் பாவக்காயாகிறது, செவிடன் செகிடனாகிறான். தெலுங்கில் மிதிப்பதற்குத் தொக்கு என்று பெயர். இடித்துச் செய்த ஊறுகாய்க்கும் அதே பெயர். நம் தக்காளித் தொக்கு அங்கிருந்து வந்தது.

சட்னி என்பது நக்குதலைக் குறிக்கும் இந்தி வினையிலிருந்து வந்த பெயர். டிப் தோய்த்தலைச் சொல்கிறது. இரண்டும் உண்பவர் பக்கத்திலிருந்து வைத்த பெயர்கள். துவையல் மட்டுமே சமைத்தவரின் உழைப்பைச் சொல்கிறது. அம்மியில் குனிந்து அரைத்த பெண்களின் கைகளுக்கு மொழி கொடுத்த மரியாதையாக நான் இதைக் கருதுகிறேன். மிக்சியில் அரைத்தாலும் இந்தப் பெயரை விட்டுவிடக் கூடாது.

செய்முறை எளிது. பூண்டுத்தண்டின் முற்றிய அடியையும் நுனி மொட்டையும் நீக்கிவிட்டு, விரல் நீளத்துக்கு நறுக்கி நல்லெண்ணெயில் பச்சை வாசம் போக வதக்க வேண்டும். உளுத்தம்பருப்பும் காய்ந்த மிளகாயும் தனியாகச் சிவக்க வறுபட வேண்டும். கொஞ்சம் புளி, உப்பு, ஒரு கைப்பிடி தேங்காய்த் துருவல். பருப்பை முதலில் பொடித்துக்கொண்டு பிறகு மற்றவற்றைச் சேர்த்து, தண்ணீரைத் தெளித்துத் தெளித்து அரைத்தால் போதும். குழைவு வேண்டுபவர்கள் தேங்காயைக் கூட்டலாம், அல்லது ஊறவைத்த முந்திரி நான்கைந்து சேர்த்து மைய அரைக்கலாம். ரொட்டிக்குத் தொட்டுக்கொள்வதானால் துணியில் கட்டித் தண்ணீர் வடித்த கெட்டித் தயிரைக் கடைசியில் கலக்கலாம். அப்போது புளி வேண்டாம். தண்டு கிடைக்காத நம் கரையில் முளைவிட்ட பூண்டுப் பற்களைத் தொட்டி மண்ணில் ஊன்றிவையுங்கள். சில வாரங்களில் பச்சைத் தாள் எழும். அதை நறுக்கி, இரண்டு பல் பூண்டோடு இதே முறையில் அரைத்தால் ஏறத்தாழ அந்தச் சுவை வரும்.

மீமிசல், கோபாலப்பட்டினம், கோட்டைப்பட்டினம் என்று இந்தக் கரை நெடுகிலும் சமையற் சொற்கள் செழித்துக் கிடக்கின்றன. குழம்பை ஆணம் என்று வழங்கும் முஸ்லிம் வீடுகள் இக்கரையில் உண்டு. அத்தகைய வீடுகளில் முளைத்த பூண்டுக்கோ அதன் தாளுக்கோ தண்டுக்கோ தனிப்பெயர் வழங்கினால், வீட்டுப் பெரியவர்களிடம் கேட்டு, ஊர்ப் பெயரோடு குறித்துவையுங்கள்.