கெர்னலும் பன்னிரண்டு கருவிகளும்

புனேயில் இன்ஜினீயரிங் படிக்கும் நம் பிள்ளைகள் யாராவது "கெர்னல் கம்பைல் ஆகுது, லேப்டாப்பை யாரும் மூடிடாதீங்க" என்று சொல்லிவிட்டுத் தூங்கப் போயிருக்கிறார்களா? அப்படிப்பட்ட வீட்டு அப்பா அம்மாக்களுக்குத்தான் இந்தப் பதிவு. பி.காம். படித்து வங்கியில் குப்பை கொட்டுகிறவனுக்கு இதில் என்ன வேலை என்று கேட்கலாம். கடன் விண்ணப்பத்தோடு வருகிறவர்களின் பட்டறைகளைப் பார்த்துப் பார்த்துப் பழகிய கண்ணுக்கு, இதுவும் ஒரு பட்டறைக் கதையாகத்தான் தெரிகிறது. பதிவு கொஞ்சம் நீளம், பொறுத்துக்கொள்ளுங்கள்.

போசரி எம்.ஐ.டி.சி. பக்கம் வந்தவர்களுக்குத் தெரியும். ஒரு இரும்புத் துண்டு லேத்தில் ஏறும், மில்லிங்குக்குப் போகும், துளை விழும், மரை விழும், பிசிர் நீக்குவார்கள், அளப்பார்கள், பிறகுதான் பெட்டிக்குள் போகும். ஒவ்வொன்றுக்கும் ஒரு மெஷின். கணினியிலும் இதேதான். லினக்ஸ் போன்ற இயங்குதளத்தின் நடு உயிர் கெர்னல். மனிதர்கள் சி மொழியில் எழுதியதைக் கம்பைலர் மாற்றித் தரும், அசெம்பிளர் அதை இயந்திர மொழியாக்கும், லிங்கர் துண்டுகளை இணைக்கும். அதற்கப்புறம் சீவுவதற்கு, அளப்பதற்கு, பெட்டி போடுவதற்கு என்று சின்னச் சின்னக் கருவிகள். இந்த வரிசை முழுவதற்கும் டூல்செயின் என்று பெயர். எந்த டூல்செயினை வைத்துக் கெர்னலைக் கட்டுவது என்று தேர்ந்தெடுப்பது முப்பது வருஷமாக ஒரு தலைவலியாக இருந்தது. அது எப்படித் தீர்ந்தது என்பதுதான் கதை.

1991. இங்கே புனேயில் சி-டாக் நிறுவனம் பரம் 8000 சூப்பர் கம்ப்யூட்டரை வெளியிட்ட அதே வருஷம். அங்கே ஃபின்லாந்தில் லினஸ் டோர்வால்ட்ஸ் என்ற மாணவர் சொந்தமாக ஓர் இயங்குதளம் எழுதிக்கொண்டிருந்தார். ஆகஸ்டில் அவர் அதை வெளியுலகுக்கு அறிவித்தபோது, ஏற்கெனவே அதில் ஓடிக்கொண்டிருந்த இரண்டு மென்பொருள்களில் ஒன்று ஜிசிசி கம்பைலர், பதிப்பு 1.40. ரிச்சர்ட் ஸ்டால்மன் 1987-இல் இலவசமாக வெளியிட்ட கம்பைலர் அது. அன்றைக்கு மாணவர் கைக்கு எட்டுகிற நல்ல கம்பைலர் என்றால் அதுதான். அதனால் தேர்வு என்ற பேச்சே எழவில்லை. கெர்னல் எழுதியவர்களும் ஜிசிசிக்கு மட்டுமே புரியும் சலுகைகளைத் தாராளமாகப் பயன்படுத்திக்கொண்டார்கள்.

நாங்கள் கடன் மதிப்பீடு செய்யும்போது முதலில் பார்க்கும் விஷயம் ஒன்று உண்டு. இந்தப் பட்டறை எத்தனை பேருக்குச் சரக்கு அனுப்புகிறது, எத்தனை பேரிடம் வாங்குகிறது? ஒரே ஒரு பெரிய கம்பெனியை நம்பி இருந்தால் சிவப்புப் பேனாவில் ஒரு கோடு. அவர்கள் நல்லவர்களாகவே இருக்கலாம், பில்லுக்குப் பணமும் ஒழுங்காகத் தரலாம். ஆனாலும் கோடு கோடுதான். கெர்னல் அப்படித்தான் இருந்தது.

ஒரே கம்பைலர் என்றால் தொல்லை இல்லாமலாவது இருந்ததா என்றால், அதுவும் இல்லை. 2000-இல் ரெட்ஹாட் லினக்ஸ் 7.0 வந்தது. அதில் ஜிசிசி 2.96 என்ற பதிப்பு இருந்தது. அப்படி ஒரு பதிப்பை நாங்கள் வெளியிடவே இல்லை என்று ஜிசிசிகாரர்களே அறிவிக்க வேண்டி வந்தது! வளர்ச்சியில் இருந்த கம்பைலரைப் பாதியில் எடுத்துப் போட்டிருந்தார்கள். கெர்னலை அதில் கட்ட நம்பிக்கை வராததால், கூடவே கேஜிசிசி என்று பழைய கம்பைலர் ஒன்றையும் வைத்தார்கள். மற்ற வேலைக்கெல்லாம் ஒரு கம்பைலர், கெர்னலுக்கு மட்டும் இன்னொன்று. வீட்டில் சமையலுக்கு ஒரு அடுப்பு, பால் காய்ச்ச மட்டும் தனி அடுப்பு மாதிரி :-)

2014 ஜூலையில் இன்னொரு கூத்து. ஜிசிசி 4.9.0 கெர்னலின் ஒரு பகுதியைத் தவறாக மொழிபெயர்த்தது. எழுதியவர் எழுதியது சரி, கம்பைலர் தந்தது பிழை. டோர்வால்ட்ஸ் அன்று திட்டிய திட்டு இங்கே எழுதும்படி இல்லை. ஒப்பிட்டுப் பார்க்க இன்னொரு கம்பைலர் பக்கத்திலேயே இருந்தால் இந்த மாதிரிப் பிழைகளைச் சீக்கிரம் பிடிக்கலாம் என்பது என் எண்ணம். இரட்டைப் பதிவுக் கணக்கு எதற்கு இருக்கிறது?

இன்னொரு கம்பைலருக்கான முயற்சி முன்பே நடந்தது. 2004-இல் ஃபேப்ரிஸ் பெல்லார்ட் தன் குட்டிக் கம்பைலரான டிசிசியை வைத்து, கணினியைத் தொடங்கும் போதே கெர்னலைச் சில நொடிகளில் கட்டி ஓட்டிக் காட்டினார். பார்க்க அருமை, ஆனால் அது அன்றாடத்துக்கு ஆகவில்லை. நிஜமான மாற்று வந்தது எல்எல்விஎம்மிலிருந்து. 2000-இல் அமெரிக்காவின் இல்லினாய் பல்கலைக்கழகத்தில் கிறிஸ் லாட்னரும் அவருடைய பேராசிரியர் விக்ரம் அட்வேயும் தொடங்கியது. அட்வே பம்பாய் ஐ.ஐ.டி.யில் படித்தவர். அதிலிருந்து கிளாங் என்ற சி கம்பைலர் பிறந்தது. 2010-இலேயே கிளாங்கால் கட்டிய லினக்ஸ் கெர்னலை ஒருவர் ஓட்டிக் காட்டிவிட்டார். ஆனால் நிறைய ஒட்டுப்போட வேண்டியிருந்தது. ஜிசிசி சலுகைகளை ஒவ்வொன்றாகக் கெர்னலிலிருந்து பிடுங்குவதில் வருஷங்கள் போயின. கூகுள் 2017-இல் விற்ற பிக்சல் 2 போனில் கிளாங் கட்டிய கெர்னல் இருந்தது. 2019 செப்டம்பரில் கிளாங் 9, லினக்ஸ் 5.3 இரண்டும் வந்தபோது, சாதாரண இன்டெல் கணினிக்கு ஒட்டு எதுவும் இல்லாமலே கட்ட முடிந்தது.

இங்கேதான் எனக்குச் சுவாரசியம். கடினமான வேலை முடிந்துவிட்டது. இனி ஆளாளுக்குப் பயன்படுத்தலாம். ஆனால் எப்படி? கட்டளை தட்டும்போது சொல்ல வேண்டும்: கம்பைலர் கிளாங், லிங்கர் எல்எல்டி, ஆவணக் கட்டுக்கு எல்எல்விஎம்-ஏஆர், பெயர்ப் பட்டியலுக்கு எல்எல்விஎம்-என்எம், சீவுவதற்கு எல்எல்விஎம்-ஸ்ட்ரிப், பிரதி எடுக்க ஒன்று, பிரித்துப் பார்க்க ஒன்று, படித்துப் பார்க்க ஒன்று. இது இலக்குக் கணினிக்கு. கட்டுகிற கணினிக்காக மறுபடியும் நான்கு. மொத்தம் பன்னிரண்டு பெயர். ஒன்றை மறந்தால் பழைய கருவி சத்தமில்லாமல் வந்து உட்கார்ந்துகொள்ளும். சில நேரம் ஒன்றும் ஆகாது. சில நேரம் ஒரு மெஷின் மில்லிமீட்டரிலும் அடுத்தது அங்குலத்திலும் வேலை செய்த கதைதான். முழுக் கெர்னலையும் ஒட்டுமொத்தமாகப் பார்த்துச் செதுக்கும் எல்டிஓ முறையில், கிளாங் தருகிற இடைநிலைக் கோப்பைப் பழைய கருவிகளால் படிக்கவே முடியாது.

பன்னிரண்டு கட்டம் உள்ள படிவத்தைக் கவுன்டரில் நீட்டினால் வாடிக்கையாளர் என்ன செய்வார் என்று எங்களைக் கேளுங்கள். "அப்புறம் வர்றேன் சார்" என்பார். வரவே மாட்டார்.

கெர்னலின் கட்டுமான அமைப்பை அப்போது பராமரித்துவந்தவர் ஜப்பானியரான மசாஹிரோ யமாடா. 2020 மே 31-இல் வந்த லினக்ஸ் 5.7-இல் அவர் சேர்த்தது சின்ன விஷயம்: "எல்எல்விஎம்=1" என்று ஒரே சொல். அதைத் தட்டினால் பன்னிரண்டும் தானாக மாறிவிடும். ஒரு கருவியை மட்டும் வேறாக வைக்க வேண்டுமா? அதன் பெயரைத் தனியாகச் சொன்னால் போதும், அந்தச் சுதந்திரமும் பறிபோகவில்லை. புதுக் கம்பைலர் எதையும் அவர் எழுதவில்லை. படிவத்தைத்தான் சுருக்கினார். சும்மா சொல்லக்கூடாது, அத்தனை வருஷ உழைப்புக்கும் வாசற்கதவு திறந்தது அந்தச் சொல்லால்தான் என்பேன்.

பிள்ளைகளுக்கு இரண்டு எச்சரிக்கை. "எல்எல்விஎம்=0" என்று தட்டினால் அணைந்துவிடும் என்று நினைக்க வேண்டாம், அதுவும் 1 மாதிரியே வேலை செய்யும்! வேண்டாமென்றால் எழுதாமலே விட வேண்டும். அடுத்தது, 2018-இல் வந்த 4.18-லிருந்து கெர்னல் அமைப்பைத் தேர்வு செய்யும் கட்டத்திலேயே உங்கள் கம்பைலருக்கு என்னென்ன தெரியும் என்று விசாரித்துக்கொள்கிறது. எனவே அமைக்கும்போது ஒன்று, கட்டும்போது வேறு என்று சொல்லக்கூடாது. இரண்டு கட்டளையிலும் அதே சொல் வர வேண்டும்.

வேறு சிப்புக்கான கெர்னலைக் கட்டுவது இன்னும் பெரிய பாடு. ஜிசிசியை ஒவ்வொரு சிப் குடும்பத்துக்கும் தனித்தனியாகக் கட்டி எடுக்க வேண்டும். இதில் நம் ஊருக்கும் பங்கு உண்டு. போசரியிலிருந்து நாசிக் பாட்டா தாண்டி மேற்கே போனால் ஹிஞ்சவாடி. 2000களில் அங்கிருக்கும் கே.பி.ஐ.டி. நிறுவனம், ஜப்பானின் ரெனெசாஸ் சிப்புகளான எஸ்ஹெச், ஹெச்8 வகைகளுக்கு ஜிசிசி டூல்செயினைத் தயாராகக் கட்டி இலவசமாகக் கொடுத்தது, உதவியும் செய்தது. தேர்வுத் தொல்லைக்கு அந்தக் காலத் தீர்வு அதுதான்: யாரோ ஒருவர் பெட்டியைத் தயாராகக் கட்டித் தர வேண்டும். அந்தப் பெயரில் இப்போது அது வருவதில்லை. சென்னை ஐ.ஐ.டி.யின் சக்தி சிப்பில் 2018-இல் லினக்ஸ் ஓடியது. அவர்களும் மாணவர்களுக்காக ரிஸ்க்-ஃபைவ் கருவிகளைத் தயாராகக் கட்டி 'சக்தி-டூல்ஸ்' என்ற பெயரில் வைத்தார்கள்.

கிளாங் கதை வேறு. ஒரே கம்பைலருக்குள் பல சிப்புகளின் மொழி அடக்கம். இதைப் பயன்படுத்தி 2021 அக்டோபரில் வந்த 5.15-இல், எந்தச் சிப் என்று சொல்லி "எல்எல்விஎம்=1" போட்டால் போதும் என்று ஆக்கினார்கள். கம்பைலர் பெயரின் முன்னொட்டைத் தட்டி, கடைசிக் கோட்டை விட்டுவிட்டுத் திண்டாடும் வேலை போனது. 2022-இல் வந்த 5.18-இல் ஒரே கணினியில் பல எல்எல்விஎம் பதிப்புகள் இருந்தாலும், 1-க்குப் பதில் "-14" மாதிரி எண்ணைச் சொல்லித் தேர்ந்தெடுக்க முடிந்தது.

ஜிசிசி ஒன்றும் ஓய்ந்துவிடவில்லை. எதையும் சொல்லாமல் கட்டினால் இன்றும் அதுதான் வரும். மேலே சொன்ன சிவப்புக் கோட்டை மட்டும் இப்போது அழித்துவிடலாம்.