ஊர் இழுக்கிற வீடு

எஞ்சின் கிடையாது. ஸ்டியரிங் கிடையாது. தானாக ஓர் அங்குலம்கூட நகராது. ஆனால், உள்ளே கட்டில் உண்டு, அடுப்பு உண்டு, தண்ணீர்த் தொட்டி உண்டு, கக்கூஸ்கூட உண்டு. காருக்குப் பின்னால் ஒரு கொக்கியில் மாட்டி இழுத்துக்கொண்டு போக வேண்டியதுதான். அமெரிக்காவில் இதற்கு டிராவல் டிரெய்லர் என்று பெயர். இங்கிலாந்தில் கேரவன்.

நம்மூரில் கேரவன் என்றால் ஷூட்டிங் ஸ்பாட்டில் ஹீரோ இளைப்பாறுகிற ஏ.சி. பஸ்தான் ஞாபகத்துக்கு வரும். அது வேறு ஜாதி. அதற்கு சொந்தமாக எஞ்சின் உண்டு. நான் சொல்வது, இன்னொருத்தர் இழுத்தால் மட்டும் நகருகிற வீடு.

'இதெல்லாம் வெள்ளைக்காரன் சமாசாரம், நமக்கும் இதுக்கும் என்ன சம்பந்தம்?' என்கிறீர்களா? திருவண்ணாமலைக்குப் போய்ப் பாருங்கள். தேரடியில் அஞ்சு நிற்கிறது!

முதலில் வெள்ளைக்காரன் கதையை முடித்துவிடுவோம். ஊர் சுற்றிப் பார்ப்பதற்காக மட்டுமே செய்யப்பட்ட முதல் கேரவன் என்று பொதுவாகச் சொல்லப்படுவது 1885-ல் வந்தது. சொந்தக்காரர் டாக்டர் கார்டன் ஸ்டேபிள்ஸ். ஸ்காட்லாந்துக்காரர். பிரிட்டிஷ் கடற்படையில் டாக்டராக இருந்து ஓய்வுபெற்று, சிறுவர்களுக்கு சாகசக் கதைகள் எழுதிக்கொண்டிருந்தவர். பிரிஸ்டல் நகரத்தில் வண்டிகள் கட்டும் ஒரு கம்பெனியில் சொல்லி வைத்து, 'வாண்டரர்' என்ற பெயரில் இந்த வீட்டைச் செய்துகொண்டார். இழுக்க இரண்டு குதிரைகள். வண்டியோட்ட ஓர் ஆள். எடுபிடிக்கு ஓர் ஆள். அந்த எடுபிடி ஆளுக்கு ஒரு வேடிக்கையான வேலை. மூன்று சக்கர சைக்கிளில் முன்னால் போய், 'பின்னால ஒரு வீடு வருது, ஒதுங்குங்க' என்று எதிரே வருகிறவர்களை எச்சரிப்பது! கூடவே 'ஹரிகேன் பாப்' என்ற பெரிய நாயும், ஒரு கிளியும். இங்கிலாந்தின் தெற்கிலிருந்து ஸ்காட்லாந்தின் இன்வர்னஸ் வரை போய்விட்டு, அடுத்த வருடமே அதைப் புத்தகமாகவும் எழுதிவிட்டார்.

அந்த டாக்டர் செய்த ஒரு காரியம் நமக்கு முக்கியம். புது வண்டி கைக்கு வந்ததும் ஸ்காட்லாந்துக்குக் கிளம்பிவிடவில்லை. வீட்டுக்குப் பக்கத்திலேயே ஒரு சின்ன பயணம் போய்ப் பார்த்தார். இதற்குத் தமிழில் அருமையான ஒரு வார்த்தை உண்டு. வெள்ளோட்டம்! இன்றைக்கு ராக்கெட்டுக்கும் மெட்ரோ ரயிலுக்கும் தாராளமாகப் பயன்படுத்துகிறோமே, அது தேருக்குச் சொன்ன வார்த்தை. புதுத் தேர் செய்தாலும், பழைய தேரைப் பழுது பார்த்தாலும், சாமியை ஏற்றாமல் ஒரு சுற்று ஓட்டிப் பார்ப்பார்கள்.

வாண்டரருக்குப் பிறகு கேரவன்கள் பெருகின. 1907-ல் இங்கிலாந்தில் கேரவன் கிளப்பே ஆரம்பித்துவிட்டார்கள். குதிரை போய் கார் வந்தது. அமெரிக்காவில் வாலி பயம் என்கிறவர் விமானம் மாதிரி பளபளக்கும் அலுமினிய உடம்போடு 1936-ல் ஒரு டிரெய்லரை விட்டார். அதுதான் ஏர்ஸ்ட்ரீம் கிளிப்பர். 1969-ல் நிலாவுக்குப் போய்த் திரும்பிய ஆர்ம்ஸ்ட்ராங் கோஷ்டியை, ஏதாவது கிருமி ஒட்டிக்கொண்டு வந்திருக்குமோ என்று பயந்து தனியே அடைத்து வைத்தார்களே, அந்த அறைகூட இந்த ஏர்ஸ்ட்ரீம் டிரெய்லரை மாற்றிச் செய்ததுதான்.

சரி, நம்மூருக்கு வருவோம். சக்கரத்தின் மேல் குடித்தனம் நடத்தியவர்கள் நம்மிடம் இல்லையா? இருந்தார்கள். உமணர்கள். சங்க காலத்து உப்பு வியாபாரிகள். கடற்கரையில் உப்பை ஏற்றிக்கொண்டு, உள்நாட்டுக் கிராமங்களுக்கு மாட்டு வண்டியில் வரிசையாகப் போவார்கள். மனைவி, குழந்தை எல்லோரும் கூடவே. காஞ்சியை ஆண்ட தொண்டைமான் இளந்திரையன் மேல் பாடப்பட்ட பெரும்பாணாற்றுப்படையில் இந்த வண்டியைப் பற்றி ஒரு நுணுக்கமான வர்ணனை உண்டு. மேலே கூரை. கயிற்றில் கட்டித் தொங்கவிட்ட காடிப் பானை. ஊறுகாய் என்று வைத்துக்கொள்ளுங்களேன். கைக்குழந்தையோடு உட்கார்ந்து மாட்டை ஓட்டுவது யார் தெரியுமா? வீட்டம்மா! ஆண்கள் பக்கத்தில் நடந்து வருகிறார்கள். மாடு களைத்துப்போனால் மாற்றுவதற்கு உபரி மாடுகளும் வருகின்றன.

இன்னொரு சமாசாரம் புறநானூற்றில் இருக்கிறது. 102-வது பாட்டு. பாடியவர் ஔவையார். பாடப்பட்டவன், தகடூர் அதியமானின் மகன் பொகுட்டெழினி. தகடூர் என்றால் இன்றைய தர்மபுரி. திருவண்ணாமலைக்குப் பக்கத்து மாவட்டம். உமணர்கள் வண்டிக்கு அடியில் இன்னோர் அச்சைக் கட்டிக்கொண்டு போவார்களாம். காரணம்? மாடோ இளசு, நுகத்தடிக்குப் பழகாதது. வண்டியிலோ பாரம் அதிகம். போகிற வழியில் எங்கே பள்ளம், எங்கே மேடு என்று யாருக்குத் தெரியும்? அந்த உபரி அச்சுக்கு 'சேம அச்சு' என்று பெயர். அரசே, அந்த சேம அச்சைப் போன்றவன் நீ என்று பாராட்டுகிறார் ஔவை. மன்னனை சிங்கம், புலி என்று புகழ்ந்த காலத்தில் அவனை ஸ்டெப்னியோடு ஒப்பிடுவதற்கு ஒரு தைரியம் வேண்டும்!

புது டிரெய்லர் வாங்குகிறவர் தெரிந்துகொள்ள வேண்டிய பாடத்தில் பாதி இந்த ஒரு பாட்டில் முடிந்துவிட்டது. இழுக்கிற வண்டிக்குத் தெம்பு இருக்கிறதா? ஏற்றுகிற பாரம் எவ்வளவு? வழி எப்படி? நடு வழியில் முறிந்தால் கையில் என்ன இருக்கிறது?

மீதிப் பாதி நம்மூர் வண்டிக்காரருக்குத் தெரியும். கட்டை வண்டியில் ஏறி உட்கார்ந்தவர்களுக்கு முன்பாரம், பின்பாரம் என்ற வார்த்தைகள் மறந்திருக்காது. எல்லோரும் பின்னால் போய் உட்கார்ந்தால் நுகத்தடி மேலே தூக்கி, மாட்டின் கழுத்தில் கயிறு இறுகும். 'முன்னால வாங்க சாமி!' என்று வண்டிக்காரர் சத்தம் போடுவார். எல்லோரும் முன்னால் வந்தால், மாட்டின் கழுத்தில் பாரம் அழுத்தும். அமெரிக்காவில் டிரெய்லர் விற்கிறவர்களும் இதையேதான் சொல்கிறார்கள். மொத்த எடையில் சுமார் 10-லிருந்து 15 சதவிகிதம் கொக்கியின் மேல் உட்கார வேண்டும். அதைவிடக் குறைந்து பின்பாரம் அதிகமானால், வேகமாகப் போகும்போது டிரெய்லர் பாம்பு மாதிரி நெளிய ஆரம்பிக்கும். நெளிகிற டிரெய்லர் இழுக்கிற காரையும் சேர்த்துக் கவிழ்த்துவிடும். அங்கே அதற்குத் தனியாகத் தராசு விற்கிறார்கள். நம் வண்டிக்காரருக்கு மாட்டின் கழுத்தே தராசு.

இப்போது தேரடிக்கு வருவோம்.

திருவண்ணாமலையில் கார்த்திகை தீபத் திருவிழா 10 நாள். அந்தக் காலத்தில் கூண்டு வண்டி கட்டிக்கொண்டு, சோற்று மூட்டையோடு குடும்பம் குடும்பமாக வருவார்கள். திருவிழாவை ஒட்டிக் கூடும் மாட்டுச் சந்தையும் பிரசித்தம். அதாவது, வீடு ஓரிடத்தில், எஞ்சின் விற்பனை பக்கத்திலேயே! 1896-ல் ரமணர் வந்தபோது ஊருக்கு ரயில் வந்துவிட்டது. கடைசிக் கட்டத்தில் திருக்கோவிலூரிலிருந்து அவர் ரயிலில்தான் வந்தார். ரயில் வந்த பிறகும் வண்டிகள் சட்டென்று மறைந்துவிடவில்லை.

திருவிழாவின் ஏழாம் நாள் தேரோட்டம். ஐந்து தேர்கள். முதலில் விநாயகர், அடுத்து முருகர், பிறகு அண்ணாமலையாரின் மகாரதம். அதன் பிறகு அம்மன் தேர். அதைப் பெண்கள் மட்டும்தான் இழுப்பார்கள். கடைசியில் சண்டிகேஸ்வரர் தேர். அதைச் சிறுவர்கள் இழுப்பார்கள். ஒவ்வொன்றும் மாட வீதிகளைச் சுற்றி நிலைக்கு வரவேண்டும். காலையில் தொடங்கினால் முடிய இரவாகிவிடும்.

கொஞ்சம் கணக்குப் போட்டுப் பாருங்கள். வருஷத்துக்கு ஒரே ஒரு நாள் ஓடுகிற வண்டி. மற்ற 364 நாளும் சும்மா நிற்கிறது. நிற்கும்போதும் செலவுதான். மழை, வெயில், கரையான், துரு. பி.காம். பாடத்தில் இதற்குத் தேய்மானம் என்று பெயர். சொந்தமாக டிரெய்லர் வைத்திருக்கும் வெளிநாட்டுக்காரரின் நிலையும் கிட்டத்தட்ட இதுதான். விடுமுறைக்கு மூன்று வாரம் ஓடும். மிச்ச நாள் வாசலில் தார்ப்பாய் போர்த்திக்கொண்டு நிற்கும். நின்ற இடத்திலேயே டயர் வெடிக்கும். கூரை ஒழுகும். வாங்கிய விலையைவிட வைத்துக் காப்பாற்றுகிற செலவுதான் ஆளை அசத்தும்.

தேரின் விஷயத்தில் கணக்கைவிடப் பெரிய பிரச்னை ஒன்று உண்டு. நிறுத்துவது!

இழுப்பதற்கு ஆயிரம் பேர் இருக்கிறார்கள். அவர்கள் நினைத்தாலும் நிறுத்த முடியாது. வடம் இழுக்கத்தான் உதவும், தடுக்க உதவாது. ஓடுகிற தேரின் சக்கரத்துக்கு அடியில் சரியான நொடியில் கட்டையைச் செருகுகிற சில பேரின் கையில்தான் எல்லாம் இருக்கிறது. முட்டுக்கட்டை போடுபவர்கள்! எந்தக் காரியத்தையும் கெடுக்கிறவனை 'முட்டுக்கட்டை போடுறான்' என்று திட்டுகிறோம். உண்மையில் முட்டுக்கட்டை போடுகிறவர்தான் திருப்பத்தில் தேரைத் திருப்புகிறார், சரிவில் உயிரைக் காப்பாற்றுகிறார். கூட்டத்துக்கு நடுவே, சக்கரத்துக்கு அரை அடி தூரத்தில் குனிந்து நின்று செய்கிற வேலை. கொஞ்சம் தவறினால் அவர் கையோ காலோ போய்விடும்.

இந்த இடத்தில்தான் திருச்சி பெல் நிறுவனம் கதைக்குள் வருகிறது. அனல்மின் நிலையங்களுக்கு பாய்லர் செய்கிற தொழிற்சாலை. திருவாரூர் ஆழித்தேர், அலங்காரத்தோடு சேர்த்து 96 அடி உயரம். 20 வருடங்களுக்கு மேல் ஓடாமல் நின்று, 1970-ல் மு.கருணாநிதி முதல்வராக இருந்தபோது மறுபடி ஓடியது. மரச் சக்கரத்தின் இடத்தில் பெல் செய்துகொடுத்த இரும்புச் சக்கரமும் இரும்பு அச்சும் வந்தன. ஹைட்ராலிக் பிரேக்கும் வந்தது. ஸ்ரீவில்லிபுத்தூர் போன்ற ஊர்களின் பெரிய தேர்களும் இதே வழியில் போயின. நாள்கணக்கில் தெருவில் நின்று நின்று வந்த தேர்கள் ஒரே நாளில் நிலைக்கு வர ஆரம்பித்தன.

ஆனால், பெல் போகாத தேர்கள் எத்தனையோ. 2022 ஏப்ரல் 27-ம் தேதி தஞ்சாவூருக்குப் பக்கத்தில் களிமேடு கிராமம். அப்பர் சதய விழாவில் தேர் உயரழுத்த மின்கம்பியில் உரசி, 11 பேர் இறந்தார்கள். அதே வருடம் ஜூன் மாதம், தர்மபுரி மாவட்டம் மாதேஹள்ளியில் தேர் சாய்ந்து இரண்டு பேர் பலி. அச்சாணி முறிந்தது என்றன செய்திகள். அதியமான் ஊரில்! சேம அச்சு என்ற வார்த்தையைத் தமிழுக்குக் கொடுத்த பாட்டின் மண்ணில்!

பெரிய கோயில்களில் தேருக்கு முன்பே பொதுப்பணித் துறை சான்றிதழ், தேர் ஓடும் நேரத்தில் மின்சார நிறுத்தம் என்றெல்லாம் பார்க்கிறார்கள். சின்ன ஊர்களில் 'போன வருஷம் ஓடிச்சு, இந்த வருஷமும் ஓடும்' என்பதுதான் சான்றிதழ்.

இழுப்பதிலும் பிரச்னை இல்லாமல் இல்லை. சிவகங்கை மாவட்டம் கண்டதேவியில், வடம் பிடிக்கிற உரிமை பட்டியல் சமூகத்தினருக்கும் உண்டா என்ற தகராறில் தேர் வருடக்கணக்கில் நின்றது. கோர்ட், போலீஸ், பேச்சுவார்த்தை எல்லாம் கடந்து 2024 ஜூனில்தான் மறுபடி ஓடியது. சக்கரம் சரியாக இருந்தாலும், இழுப்பவர்கள் சரியாக இல்லாவிட்டால் வண்டி நகராது. ஊர் கூடித்தான் தேர் இழுக்க வேண்டும் என்ற பழமொழியில் 'ஊர்' என்ற வார்த்தைக்கு யார் யார் என்ற கேள்வி அங்கே பல வருடம் தெருவில் நின்றது.

டிரெய்லர்காரருக்கும் இதே மாதிரி ஒரு பந்தம் உண்டு. நமது 1988-ம் வருட மோட்டார் வாகனச் சட்டப்படி, டிரெய்லர் என்பது தனி வாகனம். காருக்கு ஏற்கெனவே ஆர்.சி. இருக்கிறது என்று தப்பிக்க முடியாது. டிரெய்லரையும் தனியாகப் பதிவு செய்து, நம்பர் வாங்க வேண்டும். அதோடு போகவில்லை. டிரெய்லரின் நம்பரை இழுக்கிற வண்டியிலும், இழுக்கிற வண்டியின் நம்பரை டிரெய்லரிலும் எழுத வேண்டும் என்கிறது சட்டம். கல்யாணத்தில் மாலை மாற்றிக்கொள்கிற மாதிரி! இழுக்கிறவரும் இழுக்கப்படுகிறவரும் ஒருவருக்கொருவர் பொறுப்பு என்பதை இதைவிட அழகாகச் சொல்ல முடியாது.

கேரளாவில் 2021-ல் கேரவன் சுற்றுலாவுக்கு அரசாங்கமே கொள்கை அறிவித்தது. இங்கேயும் சக்கர வீட்டுக்கு ஆசைப்படுகிறவர்கள் பெருகுவார்கள். பணம் இருந்தால் வாங்கிவிடலாம். வாங்குவதற்கு முன் நான்கு கேள்விகள். எது இழுக்கும்? எது நிறுத்தும்? எங்கே நிற்கும்? முறிந்தால் மாற்று எங்கே? நான்குக்கும் பதில் வைத்திருந்தார்கள் நம் முன்னோர். வடம், முட்டுக்கட்டை, நிலை, சேம அச்சு. நான்கில் ஒன்றை மறந்தாலும் விபத்துதான்.

அடுத்த முறை திருவண்ணாமலை போனால், தேரடியில் நின்று எல்லோரையும் போல அண்ணாந்து பாருங்கள். தப்பில்லை. ஆனால், அதற்கு முன் கொஞ்சம் குனிந்து, சக்கரத்துக்கு அடியில் கிடக்கிற கட்டையையும் ஒரு பார்வை பார்த்துவிடுங்கள்.