சூரியனின் வேகம் பிறந்த கதை

சூரியன் பால்வெளியின் மையத்தைச் சுற்றி நொடிக்கு ஏறத்தாழ 250 கிலோமீட்டர் வேகத்தில் ஓடிக்கொண்டிருக்கிறது. பூமியும் மற்றக் கோள்களும் கூடவே ஓடுகின்றன. ஓர் ஆண்டில் இப்படிக் கடக்கும் தூரம் சுமார் 780 கோடி கிலோமீட்டர். சூரியனிலிருந்து நெப்டியூன் இருக்கும் தொலைவே 450 கோடி கிலோமீட்டர்தான். பாடப்புத்தகத்தில் இந்தச் செய்தி ஒரே வரியில் முடிந்துவிடும். பெரும்பாலும் நொடிக்கு 220 கிலோமீட்டர் என்று போட்டிருப்பார்கள். அந்த ஒரு வரிக்குப் பின்னால் ஏறக்குறைய இரண்டாயிரம் ஆண்டு உழைப்பு இருக்கிறது. உழைத்தவர்களில் பலருக்குத் தாங்கள் எதற்கு அடித்தளம் போடுகிறோம் என்பதே தெரியாது. எந்த விண்மீன் எந்த இடத்தில் இருக்கிறது என்று கவனமாகக் குறித்துவைத்துவிட்டுப் போனார்கள். சூரியனின் ஓட்டம் அந்தக் குறிப்பேடுகளிலிருந்துதான் வெளிப்பட்டது.

கதையை 1718-ல் தொடங்கலாம். வால்மீனால் நமக்குப் பெயர் தெரிந்த எட்மண்ட் ஹாலி, பழைய கிரேக்க வானியலாளர்கள் எழுதிவைத்த விண்மீன் இடங்களைத் தன் காலத்து அளவுகளோடு ஒப்பிட்டுப் பார்த்தார். பூமியின் அச்சு மெல்லத் திரும்புவதால் எல்லா விண்மீன்களும் சேர்ந்தாற்போல் இடம் மாறியதாகத் தெரியும். பஞ்சாங்கம் கணிப்பவர்கள் அயன சலனம் என்று கணக்கில் சேர்ப்பது அதைத்தான். அதைக் கழித்த பிறகும் சிரியஸும், நாம் சுவாதி என்று சொல்லும் ஆர்க்டரஸும் பழைய இடத்தில் இல்லை. கிரேக்கர்கள் தப்பாக எழுதிவிட்டார்கள் என்று ஒதுக்கியிருக்கலாம். ஆனால், இடம் மாறியிருந்தவை வானத்திலேயே பளிச்சென்று தெரியும் விண்மீன்கள், பார்த்தவர்களும் ஒருவரல்ல. இத்தனை பேர் இவ்வளவு தெளிவான ஒன்றில் தவறியிருக்க முடியாது என்று ஹாலி வாதிட்டார். அவர் சொன்னது சரி. இன்றைய அளவில் சுவாதி சுமார் 1,600 ஆண்டுகளில் ஒரு பாகை நகர்கிறது. அது முழுநிலவின் விட்டத்தைப் போல இரண்டு மடங்கு.

விண்மீன்கள் நகர்கின்றன என்றால், சூரியனும் ஒரு விண்மீன்தானே? 1760-ல் ஜெர்மனியின் கோட்டிங்கன் நகரில் டோபியாஸ் மேயர் இந்தக் கேள்வியை முறையாக எழுப்பி, விடை காணும் வழியையும் சொன்னார். காட்டுக்குள் நடக்கிறவருக்கு எதிரே உள்ள மரங்கள் விலகி வழிவிடுவதுபோல் தோன்றும். முதுகுக்குப் பின்னால் உள்ளவை நெருங்கி ஒட்டிக்கொள்வதுபோல் தோன்றும். சூரியன் ஏதோ ஒரு திசையில் போகிறது என்றால் அந்தத் திசையில் விண்மீன்கள் விலக வேண்டும், எதிர்த்திசையில் நெருங்க வேண்டும். மேயர் தன்னிடமிருந்த அளவுகளில் அதைத் தேடினார். தெளிவாக எதுவும் சிக்கவில்லை.

23 ஆண்டு கழித்து அதைப் பிடித்தவர் வில்லியம் ஹெர்ஷல். ஹனோவரிலிருந்து இங்கிலாந்துக்குப் பிழைக்க வந்த இசைக்கலைஞர். பாத் நகரத்துத் தேவாலயம் ஒன்றில் ஆர்கன் வாசித்தவர். தன் கையால் தேய்த்த கண்ணாடியைக் கொண்டு செய்த தொலைநோக்கியில் 1781-ல் யுரேனஸைக் கண்டுபிடித்து உலகப்புகழ் அடைந்தவர். ஆனால், 1783-ல் அவர் செய்த வேலைக்குத் தொலைநோக்கி அதிகம் தேவைப்படவில்லை. கிரீனிச்சின் அரச வானியலாளர் மஸ்கெலின் ஏழு பிரகாசமான விண்மீன்கள் எந்தப் பக்கம், எவ்வளவு நகர்கின்றன என்று வெளியிட்டிருந்தார். ஏழே ஏழு. ஹெர்ஷல் ஒவ்வொன்றின் நகர்வுத் திசையையும் வானக் கோளத்தின்மேல் கோடாகப் பின்னோக்கி நீட்டினார். கோடுகள் எங்கெங்கோ சிதறிப் போகாமல் பெரும்பாலும் ஒரு பகுதியை நோக்கியே வந்தன. ஹெர்குலஸ் மண்டலத்தில், லாம்டா என்று குறிக்கப்படும் விண்மீனுக்குப் பக்கம். பிறகு பிரெஞ்சு வானியலாளர் லலாந்து தந்த பட்டியலை எடுத்துச் சரிபார்த்தார். அதுவும் பெரும்பாலும் ஒத்துப்போனது. சூரியன் அங்கேதான் போய்க்கொண்டிருக்கிறது என்று எழுதினார். இன்று நாம் ஏற்கும் திசைக்கும் அவர் காட்டிய இடத்துக்கும் பத்துப் பாகைக்கும் குறைவான வித்தியாசம்தான்.

இதை அதிர்ஷ்டம் என்று சொன்னவர்கள் உண்டு. எனக்கு அதில் உடன்பாடில்லை. கையில் இருந்தது கொஞ்சம் என்பது உண்மை. அந்தக் கொஞ்சத்திடம் எந்தக் கேள்வியைக் கேட்க வேண்டும் என்று அவருக்குத் தெரிந்திருந்தது. ஆனாலும் சந்தேகப்பட்டவர்கள் சாதாரணமானவர்கள் அல்ல. அந்தக் காலத்தின் மிகத் துல்லியமான அளவையாளர் பிரீட்ரிக் பெஸ்ஸல், பிராட்லி என்பவர் கிரீனிச்சில் 1750-க்குப் பிறகு எடுத்த அளவுகளைப் பிழைநீக்கி, மூவாயிரத்துக்கும் மேற்பட்ட விண்மீன்களின் இடங்களை 1818-ல் வெளியிட்டார். அவற்றை வைத்துப் பார்த்தபோது ஹெர்ஷல் சொன்ன திசைக்கு உறுதியான ஆதாரம் தெரியவில்லை என்றார். ஒவ்வொரு விண்மீனுக்கும் சொந்த நகர்வு இருக்கிறது. அந்தக் கலவரத்துக்குள் சூரியனின் நகர்வு மூழ்கிப்போகிறது. அதைப் பிரித்தெடுக்க வேண்டுமானால் நூற்றுக்கணக்கான விண்மீன்கள் வேண்டும்.

அந்த வேலையைச் செய்துமுடித்தவர் பெஸ்ஸலின் மாணவர் பிரீட்ரிக் ஆர்கலேண்டர். பின்லாந்தின் துர்க்கு நகரில், ஒரு குன்றின்மேல் இருந்த வானாய்வகத்தில் வேகமாக நகரும் விண்மீன்களாகப் பொறுக்கி அளந்துகொண்டிருந்தார். 1827 செப்டம்பர் 4 இரவு ஊரில் தீப்பிடித்தது. மர வீடுகள் நிறைந்த ஊர், பெரும்பகுதி சாம்பலானது. வானாய்வகம் குன்றின்மேல் இருந்ததால் தப்பியது. அன்றைய அளவைக் குறிப்பில், நகரத்தைச் சாம்பலாக்கிய பயங்கரத் தீயால் பணி இங்கே தடைபட்டது என்று ஆர்கலேண்டர் எழுதிவைத்திருக்கிறார். விண்மீன்களின் எண்களுக்கு நடுவில் அந்த ஒரு வரி. அதன்பிறகு மறுபடியும் அளக்கத் தொடங்கி, 560 விண்மீன்களின் பட்டியலை முடித்தார். அவற்றில் 390 விண்மீன்களைத் தன் ஆசிரியர் செம்மைசெய்த பிராட்லியின் அளவுகளோடு ஒப்பிட்டு 1837-ல் வெளியிட்ட முடிவுதான் வழக்கை முடித்தது. ஹெர்ஷல் சொன்னது சரி. சூரியன் ஹெர்குலஸ் பக்கமாகத்தான் போகிறது. ஆசிரியரின் சந்தேகத்தை, ஆசிரியர் தந்த எண்களைக் கொண்டே மாணவர் தீர்த்துவைத்தார். இந்த வரலாறு முழுவதிலும் எனக்கு மிகப் பிடித்த இடம் இது.

திசை கிடைத்தது, வேகம் கிடைக்கவில்லை. அதற்கு நிறமாலைமானி வர வேண்டியிருந்தது. ஒரு விண்மீன் நம்மை நெருங்கினால் அதன் நிறமாலைக் கோடுகள் நீலப் பக்கம் நகரும், விலகினால் சிவப்புப் பக்கம் நகரும். 1868-ல் வில்லியம் ஹக்கின்ஸ் சிரியஸில் இதை முயன்று பார்த்தார். 20-ஆம் நூற்றாண்டு தொடங்கிய சமயத்தில் கலிஃபோர்னியாவின் லிக் வானாய்வகத்தில் கேம்ப்பெல் நூற்றுக்கணக்கான விண்மீன்களுக்கு இப்படி அளந்தார். ஹெர்குலஸ் பக்கம் உள்ளவை சராசரியாக நெருங்கிவந்தன. எதிர்ப்பக்கம் உள்ளவை விலகிப்போயின. சூரியனின் வேகம் நொடிக்குச் சுமார் 20 கிலோமீட்டர் என்று கணக்கு வந்தது.

வெறும் 20. ஆரம்பத்தில் சொன்ன 250 எங்கே போயிற்று?

இந்த 20 என்பது அக்கம்பக்கத்து விண்மீன்களை வைத்துப் பார்க்கும்போது சூரியனுக்கு உள்ள வேகம். அந்த அக்கம்பக்கம் மொத்தமும் எங்காவது போய்க்கொண்டிருந்தால் இந்தக் கணக்கு அதைக் காட்டாது. அப்போது அதைப் பற்றி யோசிக்கவும் பெரிய காரணம் இருக்கவில்லை. நெதர்லாந்தின் காப்டெய்ன் விண்மீன்களை எண்ணியெண்ணி வரைந்த பால்வெளியில் சூரியன் கிட்டத்தட்ட நடுவில் இருந்தது. அந்தப் படத்தைக் கலைத்தவர் அமெரிக்காவின் ஹார்லோ ஷாப்லி. மவுண்ட் வில்சன் வானாய்வகத்தில் கோளக் கொத்துகளை, அதாவது லட்சக்கணக்கான விண்மீன்கள் பந்துபோல் திரண்ட கூட்டங்களை, ஆராய்ந்த அவர், அவை நம்மைச் சுற்றிச் சமமாகப் பரவாமல் தனுசு மண்டலத்தின் பக்கம் குவிந்திருப்பதைக் கண்டார். பால்வெளியின் மையம் அங்கே இருக்கிறது, நாம் ஓரத்தில் இருக்கிறோம் என்று 1918-ல் அறிவித்தார். தொலைவை இரண்டு மடங்குக்கும் மேலாகக் கூட்டிச் சொல்லிவிட்டார், திசையில் தவறவில்லை.

இனி வருகிறவர் யான் ஓர்ட். காப்டெய்னிடம் படித்தவர். தன் முனைவர் பட்ட ஆய்வில் அவர் எடுத்துக்கொண்டது மிக வேகமாக ஓடும் விண்மீன்களை. நொடிக்குச் சுமார் 65 கிலோமீட்டருக்கு மேல் வேகம் உள்ளவை வானத்தின் ஒரு பாதித் திசையில் மட்டுமே போயின. மறுபாதித் திசையில் ஒன்றுகூடப் போகவில்லை. எல்லாம் ஒரே பக்கம் எதற்காகத் தப்பி ஓட வேண்டும்? ஸ்வீடனின் பெர்டில் லின்ட்பிளாட் விடைக்கு வழிகாட்டினார். பால்வெளி சுழல்கிறது; வேகமாகத் தெரியும் அந்த விண்மீன்கள் உண்மையில் மெதுவாகச் சுற்றுகிறவை. ஓடுகிறவர்கள் நாம். அவற்றைத் தாண்டிப் போகும்போது அவை பின்னோக்கிப் பறப்பதாகத் தெரிகிறது.

சுழற்சிக்கு நேரடிச் சான்று வேண்டும் என்று ஓர்ட் இறங்கினார். மையத்துக்கு அருகில் உள்ளவை சீக்கிரம் சுற்றும், வெளியே உள்ளவை தாமதமாகச் சுற்றும் என்று வைத்துக்கொண்டால், நம்மிடமிருந்து பார்க்கும்போது பால்வெளிப் பட்டையைச் சுற்றி ஓர் ஒழுங்கு தெரிய வேண்டும். மையத்தின் பக்கம் நேராகப் பார்த்தால் நெருங்கலும் இல்லை, விலகலும் இல்லை. அங்கிருந்து 45 பாகை தள்ளி ஒரு பக்கம் விண்மீன்கள் விலகும், மறுபக்கம் 45 பாகையில் நெருங்கும். ஒரு முழுச் சுற்றில் இந்த ஏற்ற இறக்கம் இரண்டு முறை வரும். முப்பது வயதுகூட ஆகாத ஓர்ட், 1927-ல் லைடன் நகரில், தொலைதூர விண்மீன்களின் அளவுகளை அடுக்கிப் பார்த்தார். அப்படியேதான் இருந்தது. அந்த ஒழுங்கு சுட்டிய மையமும் ஷாப்லி சொன்ன தனுசுதான். சூரியனின் வேகம் நொடிக்கு நூற்றுக்கணக்கான கிலோமீட்டர் என்பது அன்றைக்குத்தான் நிலைபெற்றது. தன் ஆசிரியர் வாழ்நாளெல்லாம் கட்டிய உலகத்தை அவர் இப்படிக் கழற்றிப் போட்டதைப் பார்க்கக் காப்டெய்ன் அப்போது உயிருடன் இல்லை.

பிறகு ஆண்டுக்காண்டு எண் கூர்மையானது. 1985-ல் பன்னாட்டு வானியல் ஒன்றியம் 220 என்று ஒரு பொது அளவு வைத்தது. பாடப்புத்தகத்து எண் அது. அதற்கு முன்பே, 1974-ல், பால்வெளியின் நட்டநடுவில் வானொலி அலைகளை வெளியிடும் மிகச் சிறிய பொருள் ஒன்று கண்டுபிடிக்கப்பட்டிருந்தது. சூரியனைப் போல 40 லட்சம் மடங்கு நிறை கொண்ட கருந்துளை அது என்று இன்று தெரியும். மையத்தில் அசையாமல் உட்கார்ந்திருக்கும் அது அசைவதுபோல் தோன்றினால், அசைவது நாம்தான். ஹவாயிலிருந்து கரீபியன் தீவுவரை பரந்த பத்து வானொலித் தொலைநோக்கிகளை ஒன்றாக இணைத்து, 1995-லிருந்து எட்டு ஆண்டுகள் அதைக் கண்காணித்தார்கள். பின்னணியில் மிகத் தொலைவில், அசையாதவைபோல் தெரியும் குவாசர்களோடு ஒப்பிட்டால், ஆண்டுக்கு ஒரு பாகைவினாடியில் ஆயிரத்தில் 6.4 பங்கு அது நகர்ந்தது. அந்த வேகத்தில் நிலவின் விட்டம் அளவு நகர 2,80,000 ஆண்டு ஆகும். மையத்தின் தொலைவு சுமார் 26,700 ஒளியாண்டு என்பதைச் சேர்த்துப் பெருக்கினால் சூரியனின் வேகம் நொடிக்கு 248 கிலோமீட்டர் என்று வருகிறது. இதில் நம் வட்டாரம் முழுவதற்கும் பொதுவான வேகம் போக, சுமார் 12 கிலோமீட்டர் சூரியனின் சொந்த வேகம்; முன்பு கண்ட 20 கிலோமீட்டரில் இந்தச் சுற்றும் திசைக்கு உரிய பங்கு அது.

கியா விண்கலம் இன்னும் ஒரு படி மேலே போனது. வளைந்த பாதையில் போகிறவருக்கு மையத்தை நோக்கி ஒரு முடுக்கம் இருந்தே தீரும். 2020 டிசம்பரில் வெளியான கியா தரவில், பத்து லட்சத்துக்கும் மேற்பட்ட குவாசர்களின் நுண்ணிய நகர்விலிருந்து அதையும் எடுத்துவிட்டார்கள். சூரியக் குடும்பத்தின் பாதை ஓர் ஆண்டில் நேர்கோட்டிலிருந்து சுமார் 115 கிலோமீட்டர் வளைகிறது. 780 கோடி கிலோமீட்டர் ஓட்டத்தில் 115 கிலோமீட்டர் வளைவு! இப்படி வளைந்து வளைந்து ஒரு சுற்று முடிக்க 21 முதல் 23 கோடி ஆண்டு. சூரியனுக்கு வயது 460 கோடி. இதுவரை ஏறத்தாழ இருபது சுற்று.

ஒன்றைக் கண்டிப்பாகச் சொல்ல வேண்டும். சூரியன் வால்மீனின் தலைபோல முன்னால் பாய, கோள்கள் பின்னால் திருகுசுருளாக இழுபட்டு வருவதுபோல் ஒரு வீடியோ பல ஆண்டுகளாகக் கைபேசியிலிருந்து கைபேசிக்குப் போய்க்கொண்டிருக்கிறது. பார்க்க அழகாக இருக்கும்; ஆனால் தவறு. சூரியனும் கோள்களும் பால்வெளியின் ஈர்ப்பில் சேர்ந்தே விழுகின்றன. யாரும் யாரையும் பின்னால் இழுத்துவரவில்லை. கோள்களின் தளம் பால்வெளித் தளத்துக்குச் சுமார் 60 பாகை சாய்ந்திருக்கிறது. அதனால் பூமி ஆண்டில் பாதி நாள் சூரியனுக்கு முன்னால் போகிறது, பாதி நாள் பின்னால் வருகிறது. போதாததற்குச் சூரியக் குடும்பம் பால்வெளித் தட்டுக்கு மேலும் கீழுமாக மிதந்தபடி போகிறது. இப்போது நடுத்தளத்துக்குச் சில பத்து ஒளியாண்டு மேலே இருக்கிறோம், இன்னும் ஏறிக்கொண்டிருக்கிறோம்.

ஆகஸ்ட் நடுவில் மேகமில்லாத ஓர் இரவு கிடைத்தால், ஒன்பது மணிவாக்கில் பிள்ளைகளை மொட்டைமாடிக்குக் கூட்டிப்போங்கள். தெற்கே, பாதி உயரத்தில் தனுசு மண்டலம் இருக்கும். பால்வெளியின் மையம் அந்தப் பக்கம். வடக்கே உயரத்தில் வெள்ளையாக மின்னுவது அபிஜித்; அக்கம்பக்கத்து விண்மீன்களிடையே நாம் நொடிக்கு 20 கிலோமீட்டர் வேகத்தில் நகர்வது கிட்டத்தட்ட அதை நோக்கி. வடகிழக்கில் தெரியும் பிரகாசமான விண்மீன் டெனப். பால்வெளியைச் சுற்றும் பெரிய ஓட்டத்தில் நாம் போய்க்கொண்டிருப்பது அந்தத் திசையில். மூன்றையும் கைகாட்டிச் சொல்லிக்கொடுங்கள்.