அல்சூர் ஏரியை வலம் வருங்கால்

பெங்களூரில் ஜீவனஹள்ளி என்னும் பகுதி இன்று நெருங்கிய குடியிருப்பாகிவிட்டது. ஆயினும் பெயரளவில் அது இன்னமும் ஒரு சிற்றூரே. கன்னடத்து ‘ஹள்ளி’யும், நம் ஊர்ப்பெயர்களின் இறுதியில் வரும் ‘பள்ளி’யும் உறவுடைய சொற்கள். அங்கிருந்து காக்ஸ் டவுன் வழியாக அல்சூர் ஏரிக்கரையை அடைந்து, அதனைச் சுற்றிவிட்டுத் திரும்புவது கடினமான நடையன்று. காலையில் ஓரிரு மணி நேரம் போதும். மரநிழலில் நடப்போரும், ஓடிப் பழகும் இளைஞரும், மிதிவண்டியில் செல்வோரும் இக்கரைப் பக்கங்களைப் பகிர்ந்துகொள்கின்றனர். நாம் அங்கே கால் வைத்தால், பிழைப்பை நாடி அயல் மாநிலத்துக்கு வந்த தமிழரின் கதையும் உடன் நடந்து வரக் காண்கிறோம்.

முதலில் பெயரைக் கவனிப்போம். ‘ஹலசு’ என்றால் பலா. பலாத்தோப்பு இருந்த ஊராதலால் ‘ஹலசூரு’ என்றாயிற்று என்பது வழிவழி வந்த செய்தி. ஆங்கிலேயர் நாவில் அது ‘அல்சூர்’ எனத் திரிந்தது. தமிழரும் அவ்வாறே வழங்கலாயினர். ஆங்கில ஆவணங்கள் இவ்வேரியை ‘டாங்க்’ என்று குறிக்கும். மொழிபெயர்ப்பைத் தொழிலாகக் கொண்ட நமக்கு இச்சொல் எப்போதும் ஒரு தொல்லை. தொட்டி என்பதா, குளம் என்பதா, ஏரி என்பதா? மழைநீரைக் கரை கட்டித் தேக்கிய இதற்கு ஏரி என்பதே தகும். இதனை அமைத்த பெருமையை இரண்டாம் கெம்பே கவுடருக்கு உரியதாகச் சொல்வது வழக்கம்.

1799இல் திப்பு சுல்தான் வீழ்ந்தபின், ஸ்ரீரங்கப்பட்டணத்தில் தங்கிய ஆங்கிலப் படையைக் காய்ச்சல் வாட்டியது. ஆகவே 1809இல் அப்படை அல்சூரை அடுத்த மேட்டு நிலத்துக்கு மாற்றப்பட்டது. மக்கள் இதனைத் ‘தண்டு’ என்று வழங்கினர். படை நகர்ந்தால் வண்ணாரும், கொத்தரும், சரக்கு வழங்கும் வணிகரும் பின்தொடர வேண்டுமல்லவா? அவ்வாறு வந்தோருள் தமிழர் பெருந்தொகையினர். 1864இல் ஜோலார்பேட்டையிலிருந்து இருப்புப்பாதை வந்ததும் வரவு எளிதாயிற்று. 1881இல் மைசூர் அரசு மன்னரிடம் திரும்ப ஒப்படைக்கப்பட்ட போதும் தண்டுப் பகுதி ஆங்கிலேயர் ஆட்சியிலேயே நின்றது. 1947இல்தான் அது மைசூருடன் சேர்ந்தது.

எனினும் தமிழ் இங்கே படையுடன்தான் வந்தது என்று எண்ணுவது பிழையாகும். அல்சூருக்கு அணித்தேயுள்ள தொம்மலூர்ச் சொக்கநாதர் கோயிலில் பழைய தமிழ்க் கல்வெட்டுகள் உள்ளன. தண்டு தோன்றுவதற்குப் பல நூற்றாண்டுகள் முன்னரே இம்மண்ணில் தமிழைக் கல்லில் பொறித்தோர் இருந்தனர்.

ஏரியை ஒட்டிய பாதை எங்கும் நீரோரமாகவே செல்வதன்று. படைத்துறையின் நிலம் குறுக்கிடும்போது நாம் சாலைக்கு விலகியாக வேண்டும். அந்நிலத்தில் இருப்பது சென்னைப் பொறியாளர் படைப்பிரிவு. 1780இல் தொடங்கிய இப்படை 1834 முதல் பெங்களூரை இருப்பிடமாகக் கொண்டது. பாலம் கட்டுதல், பாதை வகுத்தல், தடை நீக்குதல் ஆகியன அவர்தம் தொழில். இவர்களுக்கு இந்தியப் படையில் வழங்கும் செல்லப்பெயர் ‘தம்பி’ என்பது. தமிழ்ச் சொல் ஒன்று படைப்பிரிவின் பெயராகவே நிலைத்தமை நமக்கு மகிழ்ச்சி தருவதே. அருகிலுள்ள அசாயே சாலையும் அப்படை பங்குகொண்ட 1803ஆம் ஆண்டுப் போரையே நினைவூட்டுகிறது.

அடுத்து நாம் சற்று நிற்க வேண்டிய இடம் ஒன்றுண்டு. 1950இல் தோன்றிய பெங்களூர்த் தமிழ்ச் சங்கம் இவ்வேரிப் பகுதியிலேதான் இயங்குகிறது. ஏரிக்கருகே நிறுவப்பெற்ற திருவள்ளுவர் சிலை 1991இல் திறக்கப்படவிருந்தது. எதிர்ப்பு எழுந்தது. அவ்வாண்டின் இறுதியில் காவிரி நீர்ச் சிக்கலை ஒட்டி மூண்ட கலவரத்தில் தமிழ்க் குடும்பங்கள் பல அஞ்சி ஊரைவிட்டு நீங்கின. சிலையோ துணியால் மூடப்பட்டுப் பதினெட்டு ஆண்டுகள் நின்றது. மூடிய துணியைக் கண்டவாறே அவ்வழியில் நடந்து பணிக்குச் சென்றோர் எத்தனை பேர்! 2009 ஆகஸ்டு 9ஆம் நாள், முதலமைச்சர் எடியூரப்பா முன்னிலையில் தமிழக முதலமைச்சர் கருணாநிதி அதனைத் திறந்துவைத்தார். நான்கு நாள் கழித்து, 13ஆம் நாள், சென்னை அயனாவரத்தில் கன்னடக் கவி சர்வக்ஞரின் சிலை திறக்கப்பெற்றது. இதனைக் கொடுக்கல் வாங்கல் என்று எள்ளியவரும் உளர். நமக்கு அக்கருத்து உடன்பாடன்று. குறளாசிரியரும் வசனம் பாடிய சர்வக்ஞரும் ஒருவர் ஊரில் மற்றவர் விருந்தாகத் தங்குவதில் இழுக்கு ஏதுமில்லை.

இனி நீரைப் பற்றி ஒரு சொல். 1890களில் ஹெசரகட்டாவிலிருந்து குழாய் நீர் வருமுன், தண்டின் மக்கள் இத்தகைய ஏரிகளையே நம்பியிருந்தனர். குழாய் வந்தபின் ஏரியைக் காக்கும் கவலை தளர்ந்தது. நகரக் கழிவுநீர் அதனுட் பாயலாயிற்று. 2016 மார்ச்சில் நீரில் உயிர்க்காற்றுக் குறைந்து ஆயிரக்கணக்கான மீன்கள் இறந்து கரையொதுங்கின. அக்காலை நடக்க வந்தோர் மூக்கைப் பொத்திக்கொண்டு திரும்பினர். தமிழரும், கன்னடியரும், தெலுங்கரும் ஒன்றாகவே திரும்பினர்.

சுற்று முடித்து ஜீவனஹள்ளிக்கு மீளும்போது வெயில் ஏறிவிடும். வழியிலுள்ள கடைகளில் காப்பி கிடைக்கும். கடைக்காரரிடம் கன்னடத்தில் கேளுங்கள். அவர் பெரும்பாலும் தமிழில் விடை சொல்வார்.