ஏதுப்போலி

ஏதுப்போலி என்பது காரணம்போலத் தோன்றியும், கூறிய முடிவை நிலைநாட்டும் வலியற்ற ஏதுவாம். வடமொழித் தருக்க நூல்கள் இதனை ஹேத்வாபாசம் என்னும். சாத்தனாரின் மணிமேகலை, 29ஆம் காதையில், அறவண அடிகள் காஞ்சியில் மணிமேகலைக்கு உபதேசித்த பௌத்த அளவை நெறியின் அங்கமாக, இதனை அசித்தம் 4, அநைகாந்திகம் 6, விருத்தம் 4 என 14 ஆக வகுக்கின்றது. ஜொகூர் மாநிலத்துத் தெப்ராவ் ஆற்றின்மேல் வைகறையில் படரும் வெண்படலம் பனியோ புகையோ என்று தெளியுமுன்னரே, ‘புகை உண்மையின் அங்கே நெருப்புண்டு’ எனத் துணிவது, ஏதுவே ஐயத்திற்கிடமாதலின், அசித்தத்தின்பாற்படும். ‘ஒலி அநித்தியம், அறியப்படுதலின்’ என்பது, அறியப்படுதல் நித்தியப் பொருளுக்கும் பொதுவாதலின், அநைகாந்திகம். அன்றாட வாதங்களில் கண்டறிதற்கு அரியது இதுவே எனலாம். ‘ஒலி நித்தியம், செய்யப்படுதலின்’ என்பது மறுதலையையே சாதித்தலின் விருத்தம். இப்பகுப்பு சங்கரசுவாமியின் நியாயப்பிரவேசத்தோடு பெரிதும் ஒத்துள்ளது. மணிமேகலையை உ. வே. சாமிநாதையர் 1898இல் பதிப்பித்தார்.