டொராண்டோ ஜெயிச்ச கதையும் ஒரு தொடைத் தசைநாணும்

தேனி மாவட்டத்துல பாஸ்கெட்பால்னா பெரியகுளம்தான். 60 வருஷத்துக்கும் மேலா அங்க அகில இந்தியப் போட்டி நடக்குது. கம்பத்துல இருந்து பஸ் ஏறிப் போய்ப் பார்க்கிறவங்களும் உண்டு. கூட்டத்துல அடிக்கடி காதுல விழும்: "வலியைத் தாங்கி ஆடுறான் பாரு, அவன்தான்யா பிளேயர்!"

டாக்டரா எனக்கு இந்தப் பேச்சு உறுத்தும். ஏன்னு சொல்ல ஒரு பழைய கதை இருக்கு.

நம்ம தமிழ்ச் சனம் ஏராளமா வாழுற ஊர் டொராண்டோ. அந்த ஊர் அணி ராப்டர்ஸ். 2016, 2017, 2018 மூணு வருஷமும் பிளே-ஆஃப்ல லெப்ரான் ஜேம்ஸ் அணிகிட்டயே தோத்தாங்க. கடைசி ரெண்டு தடவை ஒரு ஆட்டம்கூட ஜெயிக்கல. ஊர் பேரையே 'லெப்ராண்டோ'ன்னு மாத்திக் கேலி பண்ணினாங்க. உறுதி இல்லாத டீம்னு பேராச்சு.

2018 ஜூலை 18. ஒன்பது சீசன் அந்த ஊருக்காக ஆடிய டெமார் டெரோசனை சான் அன்டோனியோவுக்கு ட்ரேட் பண்ணிட்டாங்க. மனச்சோர்வு தன்னை வாட்டுதுன்னு அவர் வெளிப்படையா எழுதி அஞ்சு மாசம்தான் ஆகியிருந்தது. அதைச் சொல்லவும் ஒரு உறுதி வேணும். 'துரோகம்'னு ரசிகர்கள் கொதிச்சதுல தப்பே இல்ல.

பதிலுக்கு வந்தவர் கவாய் லெனார்டு. முந்தைய சீசன்ல 9 ஆட்டம்தான் ஆடியவர். தொடையின் முன்பக்கத் தசையை முழங்கால் சில்லோட இணைக்கிற தசைநாண்ல பிரச்சினை. அதே அணியின் டோனி பார்க்கருக்கு அதே தசைநாண் அறுந்தே போயிருந்தது. தன்னோட காயம் நூறு மடங்கு மோசம்னு அவர் சொன்னார். ஆனா அறுந்ததைத் தைச்சு ஆற வைக்கிறது ஒண்ணு, அதிக பாரத்தால நாள்பட நைஞ்ச தசைநாண் இன்னொண்ணு. ரெண்டாவதுக்கு ஸ்கேன்ல பெருசா ஒண்ணும் தெரியாமக்கூடப் போகலாம். குதிக்கும்போது உயிர் போகும். பாரத்தை அளந்து, படிப்படியா கூட்டணும். வேற குறுக்கு வழி கிடையாது.

டொராண்டோ அதைத்தான் செஞ்சது. 82 ஆட்டத்துல அவரை 60-ல மட்டும் இறக்கினாங்க. "காசு வாங்கிட்டு உட்கார்ந்திருக்கான்"னு ஏச்சு.

பிளே-ஆஃப் வந்தது. 24 ஆட்டம், ஒண்ணுகூட விடாம ஆடினார். 732 புள்ளிகள். பிலடெல்பியாவோட ஏழாவது ஆட்டத்துல கடைசி நொடியில எறிஞ்ச பந்து வளையத்துல நாலு தடவை துள்ளி உள்ள விழுந்ததே, அதை இன்னைக்கும் யூடியூப்ல பார்க்கலாம். பாருங்க.

இறுதிப் போட்டி கோல்டன் ஸ்டேட் அணியோட. அவங்க நட்சத்திரம் கெவின் டியூரண்டுக்குக் கெண்டைக்கால் தசைக் காயம், ஒரு மாசமா வெளியே. 3-1னு பின்தங்கினதும், 2019 ஜூன் 10 அன்னைக்கு ஐந்தாவது ஆட்டத்துல களமிறங்கினார். 12 நிமிஷம் ஆடி 11 புள்ளி எடுத்தார். அப்புறம் குதிகால் நாண் அறுந்தது. அரங்கத்துல சிலர் கைதட்டினாங்க. டொராண்டோ வீரர்களே கையைக் காட்டி நிறுத்தச் சொன்னாங்க.

மூணு நாள் கழிச்சு கோப்பை டொராண்டோவுக்கு.

டியூரண்ட் அடுத்த சீசன் முழுக்க ஒரு ஆட்டமும் ஆடல.