கைவிடப்பட்ட குழல்

அயர்லாந்தின் மரக்குழல் அம்மண்ணில் பிறந்ததன்று. லண்டனில் ருடால், ரோஸ் போன்றோர் இசையரங்குகளுக்கெனச் செய்தளித்தது அது. 1847-இல் ஜெர்மானியரான தியோபால்ட் போம் உருளைவடிவ உலோகக் குழலை அமைத்தார். அரங்கக் கலைஞர்கள் படிப்படியாக அதன்பாற் சென்றனர். மரக்குழல்கள் மலிவாக விலைபோயின. அவற்றை ஏந்திய அயர்லாந்துக் கிராமத்தாரோ, ஆறு துளைகளையும் விரலாலேயே மூடித் திறந்து தம் நடனப் பண்களை ஊதினர். லீட்ரிம் பகுதியினரான ஜான் மெக்கென்னா 1920-களில் நியூயார்க்கில் பதிந்த இசைத்தட்டுகள் தாயகம் சேர்ந்து, பலருக்கு ஆசானாயின.

பாட்டைத் தரும் மூச்சின் ஈரமே மரத்துக்குப் பகையும் ஆகும். வாசித்தபின் உட்புறத்தைத் துடைத்து, அவ்வப்போது எண்ணெய் தடவாவிடில் குழல் வெடிக்கக்கூடும். நூறாண்டு கடந்த குழல் இன்றும் பாடுகிறதென்றால், தலைமுறைதோறும் ஒருவர் அதைத் துடைத்துவைத்தார் என்பதே பொருள். முன்னோர் விட்டுச்சென்றதைப் பழையதென ஒதுக்குமுன் நாம் இதனை எண்ணிப் பார்த்தல் நலம்.